கீர்த்தனைப் புத்தகத்துக்குள் ஒரு சாட்சியம்

பட்டாபிராமில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு வீடு. கல்லூரியில் சேரவிருக்கும் மகனுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்திருந்தார்கள். வருவாய் ஆய்வாளர் விசாரணைக்கு வரக்கூடும் என்று யாரோ சொன்னவுடன் அந்த வீட்டுத் தாய் செய்த முதல் காரியம், கீர்த்தனைப் புத்தகத்தை எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்ததுதான். அவர் ஞானஸ்நானம் பெறாதவர். ஆவணங்களின்படி இந்து ஆதிதிராவிடர். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குச் செல்பவர். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார் என்றாலும் நூறு பாடல்களுக்குக் குறையாமல் மனப்பாடம்.

சட்டம் அவரை அப்படி ஒளிக்கச் சொல்லவில்லை. மருத்துவமனைச் சுவரில் சிலுவை தொங்கியது என்ற காரணத்தால் ஒரு தலித் பெண் மருத்துவரின் சாதிச் சான்றிதழை ரத்து செய்த ஆணையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் நிராகரித்தது. தேவாலயத்துக்குப் போவதோ சுவரில் சிலுவையை மாட்டுவதோ ஒருவர் தம் மதத்தைத் துறந்துவிட்டார் என்பதற்குச் சான்றாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். இதை அந்தத் தாயிடம் எடுத்துச் சொன்னோம். கேட்டுக்கொண்டார். புத்தகத்தை மட்டும் வெளியே எடுக்கவில்லை. ஆவடிப் பக்கம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள்தான் பேச்சைத் திருப்பினாள்: "இந்தப் பாட்டெல்லாம் எழுதினவங்க யாருக்கா? நம்ம ஆளுங்களா?"

ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி தலித் கிறித்தவர்கள் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவரும் சட்டப் போராட்டத்தின் நடுநரம்பைத் தொடுகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் சந்துக்கொன்றாய் இருக்கும் சிறு சபைகளில் ஞாயிறு காலையில் கேட்கும் பாடல்களில் பழையவை எங்கிருந்து வந்தன என்று தேடிச் சென்றால், நாம் போய் நிற்கும் இடம் ஒரு சாதி வழக்கின் கோப்பு.

சீர்திருத்தச் சபைகளின் பழைய பாடல்களில் இரண்டு ஓடைகள் உண்டு. ஒன்று 'பாமாலை'. மேலைநாட்டு மெட்டுகளில் அமைந்த மொழிபெயர்ப்புப் பாடல்கள். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்த ஜெர்மானியப் போதகர்களும் லுத்தரன் சபைப் பாடல்களைத் தமிழில் பெயர்த்து, ஜெர்மன் மெட்டிலேயே பாடவைத்தார்கள். அவர்களுள் மொழி நயம் மிக்கவர் யோகான் பிலிப் பப்ரிசியஸ். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கிச் சென்றால், அது ஈ.வெ.ரா. பெயரை ஏற்றுக்கொண்ட பின் வேப்பேரி வரும். அங்கே வாழ்ந்துதான் பப்ரிசியஸ் விவிலியத்தையும் பாடல்களையும் தமிழாக்கினார். மற்றோர் ஓடை 'கீர்த்தனை'. இராகமும் தாளமும் குறித்த, பல்லவி அனுபல்லவி சரணம் கொண்ட தமிழ்ப் பாடல்கள். மக்களின் நாவில் அதிகம் புழங்குபவை இவைதாம். அவற்றின் தலைவாசலில் நிற்கும் பெயர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்.

சாஸ்திரியார் 1774இல் திருநெல்வேலியில் வெள்ளாளக் கிறித்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பன்னிரண்டு வயதளவில் சுவார்ட்ஸ் போதகர் அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். பின்னாளில் அரியணை ஏறிய இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸின் பராமரிப்பில் வளர்ந்தவர்தான். இருவரும் இளமைத் தோழர்கள். இருபது வயதை ஒட்டி மிஷன் பள்ளிக்குத் தலைமை ஆசிரியரானார். 1864இல், தொண்ணூறாம் வயதை நெருங்கி மறைந்தார். இடைப்பட்ட காலத்தில் அவர் எழுதிக் குவித்தவை ஏராளம்.

அவரைச் சிறிய மனிதராகக் காட்டுவது நமக்கு எளிது. உண்மைக்கு அது ஒவ்வாது. 1800இல் இயற்றிய 'பெத்லகேம் குறவஞ்சி'யை எடுத்துக்கொள்வோம். குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி கைபார்த்துக் குறி சொல்வாள். சிங்கன் கண்ணி வைத்துப் பறவை பிடிப்பான். சாஸ்திரியார் அந்த வடிவத்தை அப்படியே எடுத்துக் குறத்தியை விசுவாசத்தின் உருவமாக்கினார்; பறவை பிடிக்கும் தொழிலை ஆன்மாக்களைச் சேர்க்கும் ஊழியத்தின் உருவகமாக்கினார். சூரியனைக் கோள்கள் சுற்றுகின்றன என்னும் கோப்பர்நிக்கஸ் வானியலையும் உலகப் புவியியலையும் அதே நூலுக்குள் பாட்டாகக் கொண்டுவந்தார். 'சாஸ்திரக் கும்மி'யில் மூடநம்பிக்கைகளைச் சாடினார். சரபோஜி மன்னர் பெருவுடையார் மீது ஒரு குறவஞ்சி பாடக் கேட்டபோது, தம் வாய் வேறு தெய்வத்தைப் பாடாது என்று மறுத்துவிட்டார் எனத் தஞ்சைக் கிறித்தவர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். அரசனிடம் இல்லை என்று சொல்லத் துணிந்தவர். குறத்தியையும் வேடனையும் காவியத்தின் நடுவே நிறுத்தியவர்.

அதே மனிதர் ஆலயத்தில் பறையர் அமரும் பாயில் வெள்ளாளர் அமர வேண்டும் என்று சொல்லப்பட்டபோது கொதித்தெழுந்தார்.

நடந்தது இது. தரங்கம்பாடிக் காலம் தொட்டே சீர்திருத்தச் சபைகளில் வெள்ளாளரும் பறையரும் ஆலயத்துக்குள் பிரிந்துதான் அமர்ந்தார்கள். நற்கருணையில் வெள்ளாளர் முதலில், பறையர் பிறகு. சுவார்ட்ஸ் போன்ற மூத்த போதகர்கள் இதை மெல்ல மெல்ல மாறக்கூடிய வழக்கம் என்று கருதி விட்டுவைத்தார்கள். 1820களில் வந்த இளம் போதகர்கள் விட்டுவைக்கத் தயாராக இல்லை. தஞ்சையில் ஹவ்ப்ரோ என்பவர் எல்லோரும் கலந்து அமர வேண்டும் என்று வற்புறுத்தினார். சாஸ்திரியார் எழுதுகோலை எடுத்தார். 1820களின் இறுதியில் சாதி ஆசாரத்தை ஆதரித்து அவர் எழுதிய உரைநடைகளும் மனுக்களும் தமிழ்க் கிறித்தவ வரலாற்றின் முதன்மையான ஆவணங்கள். டென்னிஸ் ஹட்சன் என்ற அமெரிக்க அறிஞர் 2000இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இவற்றை விரிவாக எடுத்து வைத்திருக்கிறார்.

நீதிமன்ற வளாகத்தில் நாள்தோறும் மனு எழுதிப் பிழைப்பவர்கள் நாங்கள். அந்த மனுக்களின் கட்டமைப்பைக் கவனித்தபோது தொழில் நோக்கில் ஒரு வியப்பு உண்டானது என்பதை மறைப்பதற்கில்லை. புதிய போதகர்கள் இழைத்த நான்கு கொடுமைகள் என்று சாஸ்திரியார் வரிசைப்படுத்துகிறார். பப்ரிசியஸின் விவிலிய மொழிபெயர்ப்பை ரேனியஸ் போதகர் திருத்த முற்பட்டது ஒன்று. சாதிகளை ஒன்றாகக் கலக்கக் கட்டாயப்படுத்தியது மற்றொன்று. திருமணத்திலும் சாவிலும் பூக்களைத் தடுத்தது மூன்றாவது. ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகளை நிறுத்தியது நான்காவது.

இந்த நான்கையும் ஒரே மனுவில் அடுக்கியதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மூன்று குறைகள் யார் கேட்டாலும் நியாயமாகத் தோன்றும். பழகிய விவிலியத்தை மாற்றாதே, கல்யாணத்தில் பூமாலையைத் தடுக்காதே, எங்கள் பாட்டை நிறுத்தாதே. ஐரோப்பியரின் பண்பாட்டு அகந்தைக்கு எதிரான குரல் அது; அதில் நாமும் சேர்ந்துகொள்ளலாம். அந்த மூன்றின் நடுவே, பூவுக்கும் பாட்டுக்கும் பக்கத்தில், சாதியும் ஒரு 'பண்பாடு' என அமர்த்தப்பட்டுவிடுகிறது. சாதி மதம் சார்ந்ததன்று, நாட்டு வழக்கம். ஐரோப்பியர் மட்டும் தம் வேலைக்காரரோடு ஒரே மேசையில் உண்கிறார்களா என்பது அவர் தரப்பு வாதத்தின் போக்கு. இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய வாதம் இது. நேற்று யாரோ ஒருவர் தொலைக்காட்சி விவாதத்தில் பேசியதுபோல் இருக்கிறது அல்லவா?

எதிர்த்தரப்பையும் விசாரிக்க வேண்டும். ஹவ்ப்ரோ போன்றோர் சாதியை எதிர்த்ததற்கு நாம் நன்றி பாராட்டலாம். ஆனால் கீர்த்தனையையும் பூவையும் சாதியோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டி வெளியே எறிய முற்பட்டவர்களும் அவர்களே. தமிழிசை என்றால் சாதி, சமத்துவம் என்றால் ஐரோப்பிய மெட்டு என்னும் சமன்பாட்டை இரு தரப்பும் சேர்ந்தே எழுதின. அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்க்கும் வாய்ப்பு ஆலயத்தின் பின்பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தரப்படவில்லை. அவர்கள் எந்தப் பாட்டை விரும்பினார்கள் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. மிஷன் பணியை இழந்த சாஸ்திரியாருக்கு அரண்மனையில் பழைய நண்பர் இருந்தார். சரபோஜியின் ஆதரவு கிட்டியது.

1833 ஜூலையில் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாகவும் முற்றாகவும் ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் வெள்ளாளக் கிறித்தவர் கூட்டம் கூட்டமாக ஆலயத்தை விட்டு வெளியேறினார்கள். வேப்பேரி என்பதைக் கவனிக்க வேண்டும்: இன்று சென்னை மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம் இருக்கிற பகுதி. பறையரோடு ஒரு பாத்திரத்தில் திராட்சை இரசம் பருகுவதைவிடச் சபையே வேண்டாம் என்று இந்நகரின் கிறித்தவர் நடந்துபோன இடம் அது. 1840 முதல் வந்து சேர்ந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் சாதி விஷயத்தில் மென்மையாக நடந்துகொண்டதால், வெளியேறியவர்களில் பலர் அங்கே அடைக்கலம் கண்டார்கள். ஆக, ஒரு மதத்துக்குள் சாதிக்காகவே ஆட்கள் சபை மாறியிருக்கிறார்கள்.

இதற்குப் பின் நடந்த திருப்பத்தில் ஒரு விசித்திரம் உண்டு. மதுரையில் இயங்கிய அமெரிக்க மிஷன், சாதி எதிர்ப்பில் மற்றவர்களைவிடக் கடுமையானது. 1847இல் மிஷன் ஊழியர்கள் சாதி பாராமல் ஒன்றாக உண்ண வேண்டும் என்று சோதனையே வைத்தது, மறுத்தவர்கள் நீக்கப்பட்டார்கள். அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், முதுமையில் இருந்த சாஸ்திரியாரைத் தேடிச் சென்று அவர் பாடல்களைக் கற்று, 1853இல் கிறித்தவக் கீர்த்தனைகளின் தொகுப்பு ஒன்றை அச்சிட்டார். தஞ்சைக்குள் ஒரு குடும்பத்தின் வித்தையாக இருந்த பாடல்கள் சபை சபையாகப் பரவியதில் அந்தப் புத்தகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சமபந்திக்கு மறுத்தவர்களை நீக்கிய மிஷன், சமபாய்க்கு மறுத்தவரின் பாடல்களை எல்லோர் கைக்கும் கொண்டு சேர்த்தது! வெப்பைக் குறை சொல்லத் தோன்றவில்லை. அவர் பாட்டை மனுவிலிருந்து பிரித்தெடுத்தார். ஆனால் பிரித்தெடுத்த கையோடு மனு மறக்கப்பட்டது. இன்று கீர்த்தனைப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்த மனு தெரியும்? ஞாயிறு பள்ளியில் யாரும் அதைச் சொல்லித் தருவதில்லை.

மேலைநாட்டிலும் இப்படியொரு கதை உண்டு. 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதிய ஜான் நியூட்டன் அடிமைக் கப்பலின் தலைவராக இருந்தவர். 1748இல் கடற்புயலில் சிக்கி மனம் திரும்பினார் என்பார்கள். மனம் திரும்பிய பிறகும் 1754 வரை அடிமைகளை ஏற்றிச் சென்றார் என்பதை அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் 1788இல், தம் அறுபதுகளில், அடிமை வணிகத்தில் தமக்கிருந்த பங்கை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு ஒரு சிறு நூல் எழுதினார். பிரிட்டன் நாடாளுமன்றத்தில் அடிமை வணிகத்துக்கு எதிராக நடந்த போராட்டத்தில் அந்த நூல் ஆயுதமாயிற்று. பாடகனின் பாவமும் பாடகனின் வாக்குமூலமும் சேர்ந்தே அங்கே நினைக்கப்படுகின்றன. நம் பக்கம் பாவமும் நினைக்கப்படவில்லை. வாக்குமூலத்துக்கு வழியும் திறக்கப்படவில்லை.

சாஸ்திரியாருக்குப் பின் வந்த புகழ்பெற்ற பெயர்களைப் பார்த்தாலும் ஒரு போக்கு தெரிகிறது. 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 'இரட்சணிய யாத்திரிக'மும் 'இரட்சணிய மனோகர'மும் பாடியவர், வைணவ வெள்ளாளக் குடும்பத்தவர். 'பிரதாப முதலியார் சரித்திரம்' தந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, எல்லாச் சமயத்தாரும் பாடும்படி 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' இயற்றியவர், வெள்ளாளக் கத்தோலிக்கர். (முன்சீப்பாக இருந்து நீதிமன்றத் தீர்ப்புகளை முதன்முதலில் தமிழில் தொகுத்தவர் என்பதால் எங்கள் தொழிலுக்கும் அவர் மூதாதை.) 'கருணாமிர்த சாகரம்' எழுதிய தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் நாடார் சமூகத்தவர், ஒடுக்கப்பட்ட நிலையிலிருந்து எழுந்த ஒரு சமூகத்திலிருந்து வந்து, இசையிலக்கணத்தையே தமிழ்ப் பண்களிலிருந்து மீட்டெடுக்க முயன்றவர். தலித் பெயர்களைத் தேடும்போது பக்கம் வெறுமையாகிறது.

வெறுமைக்குக் காரணம் திறமையின்மை அன்று. எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆள் போதும். பறையர் சமூகத்திலிருந்து வந்த இராஜநாயக்கன், படைவீரராக இருந்து உபதேசியாராகி, பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சைச் சபையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர். அவருக்குக் குருப்பட்டம் தரலாமா என்று தரங்கம்பாடிப் போதகர்கள் ஆலோசித்தார்கள். பறையர் கையால் வெள்ளாளர் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்ற அச்சம் மேலோங்கியது. 1741இல் பட்டம் வேறொருவருக்குப் போயிற்று. குருவாக முடியாதவர் வழிபாட்டை நடத்த முடியாது. வழிபாட்டை நடத்தாதவரின் பாட்டு வழிபாட்டுப் புத்தகத்தில் ஏறாது. சேரியில் உழைப்பின்போதும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் பாடப்பட்டதை யாரும் எழுதி எடுக்கவில்லை. பறையோ ஆலய வாசலிலேயே நிறுத்தப்பட்டது. சாவுக்குரியது, தீட்டுக்குரியது என்றார்கள். வெள்ளாளரின் இராகம் புனிதம் என உள்ளே வந்தது, ஐரோப்பியரின் ஆர்கன் நவீனம் என உள்ளே வந்தது, பறை மட்டும் வெளியே நின்றது.

அதை உள்ளே கொண்டுவந்தவர்களுள் தலையாயவர் ஜே. தியாபிலஸ் அப்பாவு. 1940இல் பிறந்து 2005இல் மறைந்த இந்த தலித் இறையியலாளரை மதுரை அரசரடி இறையியல் கல்லூரி மாணவர்கள் 'பரட்டை அண்ணன்' என்றே அழைத்தார்கள். பரட்டை அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர். கர்நாடக இசையும் மேலையிசையும் அறிந்திருந்தும் அவர் நாட்டுப்புற இசையைத் தேர்ந்தார். முழு ஆராதனை முறையையே கிராமிய மெட்டுகளில், பேச்சுத் தமிழில் அமைத்து 1994இல் வெளியிட்டார். அவருடைய இறைவன் உயர்ந்த பீடத்திலிருக்கும் பிதா அல்லர். தாயையும் தந்தையையும் ஒருசேரக் குறிக்கும் 'பெத்தவர்'. அவருடைய நற்கருணை 'ஒரு உலை': ஒரே அடுப்பில் பொங்கி, ஒரே பானையிலிருந்து எல்லோரும் உண்பது. நற்கருணைப் பாத்திரத்தில் யார் முதலில் வாய்வைப்பது என்று தஞ்சையில் சண்டையிட்டார்களே, அந்தச் சண்டைக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வந்த பதிலாக இதை வாசிக்கலாம்.

பரட்டையைப் பற்றி நாங்கள் சற்று அதிகமாகப் பேசுவதற்கு மற்றொரு காரணம், பாட்டு யாருடையது என்ற கேள்விக்கு அவர் சொன்ன விடை. கீர்த்தனையும் பாமாலையும் எழுதியவர் எழுதியபடி பாடப்பட வேண்டியவை. தவறாகப் பாடினால் திருத்த ஆள் உண்டு. திருத்துகிறவர் பெரும்பாலும் இசை கற்க வாய்ப்பிருந்த சாதியினர். நாட்டுப்பாடலில் பாடுகிறவர் சொல்லை மாற்றலாம், அடியைக் கூட்டலாம், தம் ஊர்க் கதையை நுழைக்கலாம். அந்த உரிமைதான் ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தேவை என்று அவர் கருதினார். பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒருவர் படைப்பின் உரிமை அவர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை நிற்கும். பரட்டையோ தம் பாட்டை மாற்றிப் பாடுங்கள் என்று மக்களை அழைத்தவர். அவருடைய இசையை இறையியலாக வாசித்து ஸோயி ஷெரினியன் 2014இல் முழுநூல் ஒன்றே எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் வந்த அந்த ஆய்வின் செய்தி நம் வட்டாரச் சபைகளுக்கு வந்து சேரவில்லை. இங்கே கீபோர்டில் பதிவுசெய்த தாளத்தோடு புதிய பாடல்கள் வருகின்றன. சாதி என்ற சொல் அவற்றில் எங்கும் இல்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் திறக்கவில்லை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்ற ஆதிதிராவிடக் கிறித்தவர், இந்து மதத்தைச் சேர்ந்த பட்டியல் சாதித் தொழிலாளருக்கு அரசு இலவசமாகத் தந்த பெட்டிக்கடை தமக்கு மட்டும் மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. இந்து சமூகத்தில் இருந்த அதே கொடுமையோடு அந்த இழிவு புதிய மதத்திலும் தொடர்கிறது என்று நிறுவ வேண்டும், அதற்குரிய சான்று இங்கே இல்லை என்றது நீதிமன்றம். சூசை தோற்றார்.

சான்று இல்லையா? சபையின் மாபெரும் கவிஞரே தம் கைப்பட எழுதித் தந்த சான்று தஞ்சைக் காகிதங்களில் இருந்ததே! பாதிக்கப்பட்டவர் சொன்னால் மிகைப்படுத்துகிறார் என்பார்கள். இங்கே பேசுவது எதிர்த்தரப்பு. பறையரோடு கலந்து அமர்வது தமக்கு இழைக்கப்பட்ட கொடுமை என்று சாதிக் கிறித்தவரே வாக்குமூலம் தந்திருக்கிறார். எதிர்த்தரப்பின் ஒப்புதலைவிட வலுவான ஆவணத்தை வழக்கறிஞர் ஒருவர் எதிர்பார்க்க முடியாது. அது 1820களின் நிலை, இன்றைய நிலை அன்று என்று எதிர்வாதம் வரும். வரட்டும். அன்று தொடங்கிய கோட்டின் மறுமுனையில் இன்று தனிக் கல்லறைகளும் தேர் வராத தெருக்களும் இருக்கின்றன. 2008இல் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதற்காக நடந்த வன்முறையும் துப்பாக்கிச் சூடும் அந்தக் கோட்டின் மேல்தான் விழுகின்றன.

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் ஒன்றிய அரசு கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையத்தை அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை, தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி தர வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. 2024 நவம்பர் 26 அன்று, அரசமைப்பு நாளில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிறித்தவத்தைப் பின்பற்றிக்கொண்டே சலுகைக்காக இந்து என்று சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்று கூறியது. அந்த வழக்கில் ஞானஸ்நானப் பதிவேடு சாட்சியாக எடுக்கப்பட்டது. பட்டாபிராம் தாய் அரிசி டிரம்மைத் தேடியதன் பொருள் இப்போது விளங்கும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஆலயத்தில் பறையர் என்று தனிப் பாய் விரித்தார்கள். அரசு அலுவலகத்தில், நீ பறையர் அல்லை, கிறித்தவர் என்று பட்டியலை விட்டு வெளியே அனுப்புகிறார்கள்.

மகளிடம் இவ்வளவையும் ஒரே நாளில் சொல்லவில்லை. எங்கள் வாசிப்பு வட்டத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை மாலைகள் ஆயின. முதல் மாலையில் சாஸ்திரியாரைப் பற்றிக் கேட்டதும் ஒரு மாணவர் அவர் பாடல்களைச் சபையில் இனிப் பாடக் கூடாது என்றார். இன்னொருவர், பாட்டு நல்ல பாட்டு, அவர் செத்து நூற்றைம்பது வருடம் ஆயிற்று என்றார். எங்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. எங்களில் சிலர் அந்தக் கீர்த்தனைகளைக் கேட்டே வளர்ந்தவர்கள். சாவு வீட்டில் அந்த மெட்டு எழும்பினால் மனம் தானாக நெகிழ்கிறது. அதை மறுத்துப் பேசுவது பொய்யாகும். பாடலை நிறுத்தச் சொல்லும் உரிமை ஹவ்ப்ரோவுக்கு இல்லாததுபோல் எங்களுக்கும் இல்லை. பாடுகிறவர்களுக்கு வரலாற்றைச் சொல்லும் கடமை மட்டும் சபைக்கு உண்டு. பாடலின் தலைப்பில் இராகம், தாளம் என்று அச்சிடும் புத்தகம், எழுதியவர் யார், எந்தச் சண்டையின் நடுவே எழுதினார் என்று இரண்டு வரி சேர்த்து அச்சிடுவதற்கு எந்த இறையியலும் தடையில்லை.

மூன்றாம் மாலையில் பரட்டையின் கதை வந்தபோது மகள் தாயையும் அழைத்து வந்திருந்தாள். 'ஒரு உலை' என்றதும் அந்த அம்மா சிரித்துவிட்டார். தாம் பிறந்த ஊரில் அறுவடை முடிந்து களத்து மேட்டில் பெண்கள் சேர்ந்து பொங்கித் தின்றதைச் சொன்னார். அப்போது பாடியதென்று ஒரு பாட்டையும் பாடினார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாட்டு. பாதியில் அடி மறந்தபோது தயங்காமல் பட்டாபிராம் ரயில்வே கேட்டைப் பற்றி ஓர் அடியைப் போட்டு நிரப்பிக்கொண்டார். மாணவர்களில் ஒருவர் அதைக் கைப்பேசியில் பதிவுசெய்தார்.

சான்றிதழ் விசாரணை இன்னும் நடக்கவில்லை. கீர்த்தனைப் புத்தகம் இப்போதைக்கு டிரம்மிலிருந்து அலமாரிக்கு வந்திருக்கிறது.